ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு

தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்தில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலூரைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வரும் வங்காளத்துக்காரர்கள், ஜார்க்கண்டு, அசாம்காரர்கள், குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, சித்தூர் என்று பஸ்ஸில் வருகிறவர்கள், எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அதற்குள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பழைய டாக்டர் எழுதிய சீட்டு, ஆதார் நகல் என்று ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அந்தக் கட்டை என் மேஜையில் வைக்கும்போது சில பேருக்குக் கை நடுங்கும். ஒவ்வொரு தாளாகப் பிரித்து மெஷினில் வைத்து எடுத்து, மறுபடியும் அதே வரிசையில் அடுக்கிக் கொடுப்பேன். வரிசை மாறினால் பாவம், பதறிப் போவார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் சபையில் கொடுத்த வசனக் காலண்டர் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். "அண்ணா, நீங்க கிறிஸ்டியனா? பாப்பாவுக்கு நாளைக்கு ரிசல்ட் வருது, ஜெபம் பண்ணிக்கோங்க." இந்துக்கள் வேண்டிக்கோங்க என்பார்கள், பாய்மார்கள் துவா பண்ணுங்க என்பார்கள். தமிழ் தெரியாதவர்கள் கையைக் கூப்பி மேலே காட்டுவார்கள், அது போதும், புரிந்துவிடும். எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "கண்டிப்பா ஜெபிக்கிறேன்."

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் எத்தனை பேருக்காக உண்மையாகவே முழங்காலில் நின்றேன் என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போய்ட்டு வாங்க, பார்த்துக்கலாம், சரியாயிடும் என்று சொல்கிற மாதிரி அதுவும் ஒரு சொல்லாகி விட்டது. சில்லறை கொடுக்கும்போது கூடவே கொடுத்து அனுப்புகிற சொல்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஆரணியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டு நெசவு செய்கிறவர், விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. மனைவிக்கு ஆபரேஷன், திங்கட்கிழமை. ரிப்போர்ட் அவர் போனில் இருந்தது. என் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னேன், அவருக்கு அனுப்பத் தெரியவில்லை, நானே அவர் போனை வாங்கி அனுப்பி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். காசு கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "தம்பி, நாங்க சாமி கும்பிடறவங்கதான். இருந்தாலும் கேக்கறேன், உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நாப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டோம்." அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்டிப்பா ஐயா. திங்கட்கிழமை காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதான்" என்றேன். அப்படியே சொன்னேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை டோனர் தீர்ந்துபோய், மாற்று டோனர் வராமல், கடை முன்னால் கூட்டம் நின்று, மதியம் சாப்பிடவே மூன்று மணி ஆனது. அவர் ஞாபகம் எனக்கு அன்றைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் மறுபடியும் கடை வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் வரவே இல்லை.

ஒன்றரை மாசம் கழித்து வந்தார். தோளில் ஐந்து கிலோ அரிசிப் பை. ஆரணி அரிசி, தெரிந்த மில்லில் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். மனைவி நன்றாக இருக்கிறாராம், நடக்கிறாராம், வீட்டுக்குள் சின்னச் சின்ன வேலை செய்கிறாராம். நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவர் சொன்னார்: "அன்னிக்கு உள்ள கூட்டிட்டுப் போனதும் எனக்குக் கால் நிக்கல தம்பி. பெஞ்சுல உக்காந்துட்டேன். பையன் டீ வாங்கப் போயிட்டான், தனியா இருந்தேன். அப்ப நினைச்சேன், இந்நேரம் அந்தத் தம்பி நமக்காக ஜெபம் பண்ணிட்டிருப்பாருன்னு. அதுக்கப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் தலையை ஆட்டியது ஆமாம்தான். அரிசிப் பையை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துப் போக எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் கடையிலேயே இருந்தது. காகிதக் கட்டு எடுக்கக் குனியும்போதெல்லாம் காலில் இடித்தது. இரண்டாவது நாள் ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, கடைக்குள் உட்கார்ந்து போனில் அவருடைய பெயரைத் தேடினேன். இருந்தது. மேலே ஸ்கேன் ரிப்போர்ட். அதற்குக் கீழே, நான் அன்றைக்குப் பார்க்காமலே விட்டிருந்த இரண்டு வரி, பையன் டைப் பண்ணிக் கொடுத்திருப்பான் போல: "அம்மாவை 8 மணிக்கு உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. வேண்டிக்கோங்க." திங்கட்கிழமை காலை 7.10க்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழே என் பதில், கைகூப்புகிற பொம்மை, 11.40க்கு. பார்க்காமல் எப்படிப் பதில் போட்டேன்? கூட்டத்துக்கு நடுவில் வரிசையாக வந்து கிடந்ததை எல்லாம் திறந்து, யார் என்ன என்று படிக்காமல் தட்டிவிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார், போன் சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்திருப்பார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அரிசியை எடுத்துட்டு வாங்க, பூச்சி வந்துடும். அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள். அரிசியைக் கொண்டுவந்தேன். போன் பண்ண எனக்கு இன்னும் எட்டு நாள் ஆனது.

அந்த எட்டு நாளும் இதே யோசனைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதே, நான் ஜெபித்தால் என்ன ஜெபிக்காவிட்டால் என்ன என்று ஒரு மனசு சொன்னது. ஆண்டவர் என் ஜெபத்தை நம்பியா அந்த அம்மாவைக் காப்பாற்றினார்? இல்லைதான். ஆனால் அந்தப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சாய்ந்தது என் வார்த்தை மேல். சுவர் இருக்கிறது என்று சாய்ந்தார், அங்கே சுவர் இல்லை. விழாமல் இருந்தது தேவனுடைய கிருபை, என்னால் இல்லை.

சந்து முனையில் பூ விற்கிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். அவர் மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், ரத்தினகிரி முருகனுக்கு. பேரன் பிறந்து மூன்றாம் மாதம் மலைக்குப் போய் முடித்துவிட்டு வந்தார். எப்படி ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "மறக்க முடியுமா தம்பி, தினமும் விளக்கு ஏத்தறப்ப அந்த முடிச்சு கண்ணு முன்னாடி கிடக்குதே. கடன் இல்லையா?" என்றார். கடன். நேர்த்திக்கடன் என்றுதானே சொல்கிறோம், அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் பொருத்தனை என்போம். சாமிக்குச் சொன்னதைக் கடன் என்று நினைக்கிற நாம், சாமியிடம் சொல்கிறேன் என்று மனுஷனுக்குச் சொன்னதை மட்டும் ஏன் கடனாக நினைப்பதில்லை?

என் பாட்டி ராணிப்பேட்டையில் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் அவளிடம் வந்து, மகன் வேலை, மருமகள் குழந்தை, கோர்ட்டு வழக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் கேட்டுக்கொண்டே முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவாள். இன்னொருத்தர் வந்தால் இன்னொரு முடிச்சு. ராத்திரி பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேரைச் சொல்லி ஜெபித்துவிட்டு அவிழ்ப்பாள். அவிழ்க்காமல் தூங்க மாட்டாள். சின்னப் பையனாக இருந்தபோது எனக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும், நானும் போய் ஒரு முடிச்சு போட்டுவிட்டு ஓடுவேன். அந்த முடிச்சுக்கும் ஜெபிப்பாள், "இது யாருதுன்னு தெரியல ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று. இத்தனை பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

பைபிளில் சாமுவேல் புத்தகத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஜனங்கள் தீர்க்கதரிசி சாமுவேலை ஓரங்கட்டிவிட்டு எங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் பயந்துபோய் அவரிடமே வந்து எங்களுக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறார்கள். அவர் கோபப்பட்டிருக்கலாம். ஆனால், உங்களுக்காக நான் விண்ணப்பம் பண்ணாமல் இருந்தால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம், அது எனக்குத் தூரமாயிருப்பதாக என்கிறார். முதலாம் சாமுவேல் 12ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். இத்தனை வருஷம் இதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். மறதி என்று நான் சொன்னதை அவர் பாவம் என்கிறார். அந்த எட்டு நாளில்தான் அது உள்ளே இறங்கியது.

சரி, அதற்கப்புறம் நான் மாற்றிக்கொண்டது என்ன என்று சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

கடையில் லீகல் சைஸ் தாளை ஏ4 அளவுக்கு வெட்டினால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் கொஞ்சம் துண்டு மிஞ்சும். நீளமான, வெள்ளையான, ஒன்றும் எழுதாத துண்டு. முன்பெல்லாம் குப்பைக்குப் போகும். இப்போது ஒரு கிளிப்பில் மாட்டி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாராவது ஜெபிக்கச் சொன்னால் அவர்கள் முன்னாலேயே ஒரு துண்டை எடுத்து, பேர் என்ன, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுகிறேன். வியாதி என்ன என்று எழுதுவதில்லை, அது என் கடையில் கிடக்க வேண்டிய விஷயம் இல்லை. எழுதி, பில் குத்தி வைக்கிற கம்பியில் குத்திவிடுவேன். காலையில் ஏழரைக்கு ஷட்டரைப் பாதி தூக்கி, மெஷினை ஆன் பண்ணினால் அது சூடாகித் தயாராக ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும், பச்சை விளக்கு வரும் வரை வேலை ஒன்றும் ஓடாது. அந்த நேரம் முன்பு போனுக்குப் போனது. இப்போது கம்பியைக் கையில் எடுத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பச்சை விளக்கு வந்தபிறகும் துண்டு மிச்சம் இருந்தால் மெஷின் காத்திருக்கட்டும்.

பிரதான ஆசாரியனான ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது இரண்டு கற்களில் இஸ்ரவேல் கோத்திரங்களின் பேரை வெட்டி, கல்லுக்கு ஆறு பேராக, இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று யாத்திராகமத்தில் வருகிறது. பொதுவாக எல்லாருக்காகவும் என்று இல்லை, பேர் பேராக. எல்லா வியாதியஸ்தரையும் ஆசீர்வதியும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்த எனக்கு அதைப் படிக்கும்போது சுருக்கென்றது.

சில சமயம் கேட்கிறவரின் கண்ணைப் பார்த்தாலே தெரியும், நாளைக் காலை வரை தாங்காது என்று. அப்போது கடையிலேயே, வரிசையில் நாலு பேர் நின்றாலும், "இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தேன். ஒரு தடவை பின்னால் நின்ற பாய் ஒருத்தர் தலையில் குல்லாவைச் சரி செய்துகொண்டு அவரும் கையை ஏந்தினார்.

முடியாதபோது முடியாது என்றும் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதுதான் எனக்குக் கஷ்டம். மூன்று நாள் உபவாசம் இருந்து எனக்காக ஜெபியுங்கள் என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்னால் ஆகாது, தினமும் காலையில் உங்கள் பேரைச் சொல்கிறேன், அது மட்டும் என்னால் முடியும் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் பொய்யாகச் சரி என்று சொல்லியிருந்தால் அதைவிட மோசம்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தச் சபைக் குழுவிலும் ஜெபக்குறிப்பு ஒன்று வந்தால் ஐந்து நிமிஷத்தில் ஐம்பது கைகூப்பு விழுகிறது. ஆமென், ஆமென், ஆமென். நானும் போட்டிருக்கிறேன். அந்த ஐம்பதில் என்னுடைய ஒன்றும், 11.40க்கு ஆரணிப் பெரியவருக்குப் போன அதே பொம்மைதானே. இப்போது ஜெபித்து முடித்தபிறகுதான் போடுகிறேன், ஜெபிக்கவில்லை என்றால் போடுவதில்லை. இன்னொன்று, ஒரு வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்ற பேரில் மூன்று குழுவுக்கு அனுப்புகிறார்கள். அது ஜெபம் இல்லை, அக்கப்போர். அந்தப் பெண் என்ன பாடுபடுவாள்?

நான் யாருக்காக ஜெபித்தேனோ அவர்கள் எல்லாரும் பிழைத்துவிடவில்லை. ஜார்க்கண்டிலிருந்து மகனைக் கூட்டி வந்த ஒருவர் இருந்தார், பையனுக்குப் பன்னிரண்டு வயசு. இரண்டு மாசம் லாட்ஜில் இருந்தார்கள், அவன் பேர் எழுதிய துண்டு இரண்டு மாசமும் கம்பியில் இருந்தது, ஒரு நாள் விடவில்லை. பையன் போய்விட்டான். அவர் கடைக்கு வந்து, ஊருக்கு எடுத்துப் போவதற்கான காகிதங்களை நகல் எடுக்கக் கொடுத்தார். எனக்கு இந்தி அரைகுறை, என்ன சொல்வது என்று தெரியவில்லை. கம்பியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினேன். ஓரமெல்லாம் மடங்கி அழுக்கேறி இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எது பேர் என்று விரலால் காட்டினேன். அவர் அதை வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, வண்டி கிளம்பும் வரைக்கும் கூட இருந்துவிட்டு வந்தேன். இதுவும் அந்த வார்த்தையில் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். பிழைத்தவர்களிடம் மட்டும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, சாட்சி சொல்லிச் சந்தோஷப்பட்டுவிட்டு, மற்றவர்களை எதிரே பார்த்தால் தெருவைக் கடந்து போகிற ஆளாக நான் இருக்கக் கூடாது.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஐடா ஸ்கடர் அம்மாவை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1870ல் எங்கள் ராணிப்பேட்டையில் பிறந்தவர். வாலிபப் பெண்ணாகத் திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டி, மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் அமெரிக்கா போய்ப் படித்து, 1899ல் பட்டம் வாங்கி, 1900ல் இதே வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு இந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். சண்டே ஸ்கூலில் இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை இங்கே கிடையாது. கதவைத் தட்டிய மூன்று பேரை அவர் மறந்துவிட்டிருந்தால் என் கடை வாசலில் இத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள்.

எட்டாவது நாள் ஆரணிக்குப் போன் பண்ணினேன். தறிச் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. "இன்னா தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஐயா, நீங்க சொன்ன அன்னிக்கு நான் ஜெபம் பண்ணல. மறந்துட்டேன். நீங்க வந்து கேட்டப்பவும் தலையை ஆட்டினேன், அதுவும் பொய். மன்னிச்சுக்கோங்க.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். கூட யாரோ பெண் குரல், யாரு என்று கேட்டது. இவர், வேலூரு தம்பி என்றார். மறுபடியும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதினெட்டாம் தேதி செக்கப்பு இருக்கு. காலையில பத்து மணிக்கு. எழுதிக்கோங்க" என்றார்.

மனைவியின் பேரையும் சொன்னார். அதுவரைக்கும் அந்த அம்மாவின் பேரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தேதியையும் நேரத்தையும் போட்டு, கம்பியில் எல்லாவற்றுக்கும் மேலே குத்தினேன். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

நாளைக்குப் பதினெட்டாம் தேதி. காலையில் ஆரணி பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறார்கள், கண்ணமங்கலம் தாண்டியதும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் நாளைக்கு ஏழு மணிக்கே கடையைத் திறக்கிறேன்.